சுவரை நக்கும் கன்று: தலவாக்கலைத் தோட்டங்களில் கவனிக்கப்படாத கனியுப்புப் பற்றாக்குறை

தலவாக்கலை நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஒரு தோட்டத்தில், லயத்தின் கடைசிக் காம்பராவை ஒட்டித் தகரத்தால் அடைத்த ஒரு மாட்டுப்பட்டி இருக்கிறது. உள்ளே ஒரு ஜேர்ஸிக் கலப்புப் பசுவும் அதன் கிடாரிக் கன்றும். கன்றுக்கு ஐந்து மாதம் என்றார்கள். பார்க்க மூன்று மாதக் கன்று போலத்தான் இருந்தது. முடி சிலிர்த்து, நிறம் மங்கி, முன்னங்கால் மூட்டுகள் புடைத்திருந்தன. நான் நின்ற அரை மணி நேரமும் அது லயத்துச் சுவரின் சுண்ணாம்பை நக்கிக்கொண்டே இருந்தது.

"தம்பி, இதுக்குப் பசியில்ல. வயிறு நெறையத்தான் போடுறோம். ஆனா சுவத்த நக்குறத மட்டும் விடமாட்டேங்குது" என்றார் அந்த வீட்டு அக்கா. அதிகாலையில் பால் கறந்து சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு கொழுந்து பறிக்கப் போகிறவர். மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய ரியூசன் காசு இந்தப் பால் காசுதான். கன்று தேறாது என்று தோன்றியதால் ஒரு தரகரிடம் விலை பேசி வைத்திருக்கிறார்கள்.

அதே வாரத்தில் கிளிநொச்சியிலிருந்து என் சித்தி தொலைபேசியில் பேசினார். 1977 வன்முறைக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2009இல் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்தவர்கள். பின்னர் ஒரேயொரு கிடாரியுடன் மீண்டும் ஆரம்பித்தார்கள். "எங்கட கன்று எலும்புத்துண்டைக் கடிச்சுக்கொண்டு திரியுது. ஏனெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கால்நடை வைத்தியர்களிடம் கேட்டும், கன்றுப் போஷாக்கு பற்றிய நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். இரண்டு கன்றுகளும் காட்டிய குணம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே மருந்து சரிவராது. கன்றுக்கு எந்தக் கனியுப்பு குறைகிறது என்பதை அது வாழும் மண்ணும் நாம் போடும் தீனியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

எலும்புக்குப் போகும் கணக்கு

கன்றின் உடலிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. பொஸ்பரஸில் ஏறத்தாழ 80 வீதமும் அங்கேதான். வளரும் கன்று ஒரு கிலோ எடை கூடும்போது உடலில் சுமார் 15 கிராம் கல்சியமும் 8 அல்லது 9 கிராம் பொஸ்பரஸும் சேர வேண்டும். இவை வராவிட்டால் எலும்பு நீளும், ஆனால் உறுதிப்படாது. மூட்டு புடைக்கும், கால் வளையும். இதுதான் என்புருக்கி. ஆங்கில மருத்துவத்தில் ரிக்கெற்ஸ் என்பார்கள்.

இவை இரண்டும் சேர்ந்தே வேலை செய்பவை. தீனியில் ஒரு பங்கு பொஸ்பரஸுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கல்சியம் இருக்க வேண்டும். பொஸ்பரஸ் கல்சியத்தை மிஞ்சினால் எலும்பு பலவீனமாகும். நாம்பன் கன்றுகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கவும் கூடும்.

பால் குடிக்கும் காலம்

முதல் கனியுப்பு கன்று பிறப்பதற்கு முன்பே போய்ச் சேருகிறது. சினையின் கடைசி மாதங்களில் தாயிடமிருந்து இரும்பு, செப்பு போன்றவற்றைக் கன்று தன் ஈரலில் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. தாய்ப்பசு அந்த மாதங்களில் வெறும் புல்லில் நின்றால் சேமிப்பும் குறைவாகவே இருக்கும். அதனால் கன்றுக்கான கனியுப்பைச் சினைப்பசுவிடமிருந்தே தொடங்க வேண்டும்.

அடுத்தது சீம்பால். சாதாரணப் பாலைவிட அதில் கனியுப்பும் நோய் எதிர்ப்புச் சக்தியும் பல மடங்கு. பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. 30 கிலோ கன்றென்றால் 3 லீற்றர். ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு தடவையாகக் கொடுக்கலாம்.

அதன் பின்னர் பால். ஒரு லீற்றர் பசும்பாலில் சுமார் 1.2 கிராம் கல்சியமும் 0.9 கிராம் பொஸ்பரஸும் இருக்கின்றன. எனவே நாளுக்கு மூன்று, நான்கு லீற்றர் குடிக்கும் கன்றுக்கு இந்த இரண்டிலும் குறை வராது. ஆனால் இரும்பு விடயத்தில் பால் மிக வறியது. ஒரு லீற்றரில் அரை மில்லிகிராம் கூட இராது. நான்கு லீற்றர் குடிக்கும் கன்றுக்கு நாளுக்குச் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்றால், பால் தருவது 2 மில்லிகிராம்தான். செப்பும் மங்கனீசும் பாலில் குறைவு. மாதக்கணக்கில் பால் மட்டுமே குடிக்கும் கன்றுக்கு மக்னீசியமும் குறைந்து இழுப்பு வரும்.

ஆகவே முதல் வாரத்திலிருந்தே ஒரு கைப்பிடி கன்றுத் தீவனமும் சுத்தமான தண்ணீரும் முன்னால் இருக்க வேண்டும். "பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணி எதுக்கு" என்று கேட்பவர்கள் அதிகம். குடிக்கும் பால் முன்வயிற்றுக்குள் போவதில்லை, நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. முன்வயிற்றில் நுண்ணுயிர்கள் பெருகத் தனியாகத் தண்ணீர் தேவை. அந்த வயிறு ஓரளவு வேலை செய்ய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

தோட்டங்களில் நடப்பதோ வேறு. பால் விற்கப்படுகிறது, கறந்து முடிந்த மடியில் மிஞ்சியது கன்றுக்கு. இதைச் சொல்லி எவரையும் குறை காண நான் தயாரில்லை. நாட்கூலியில் வாழும் வீட்டில் பால்தான் கையில் காசாகப் புழங்குவது. ஆனால் கன்றுக்கு முதல் எட்டு வாரத்தில் குறையும் ஒவ்வொரு லீற்றரும் கல்சியமாகவும் சேர்ந்து குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டு விற்பது நல்லது.

புல்லும் தவிடும்: ஒரு நாள் கணக்கு

பால் மறந்த பிறகுதான் உண்மையான பற்றாக்குறை ஆரம்பமாகிறது. 100 கிலோ எடையுள்ள ஒரு கன்றை எடுத்துக்கொள்வோம். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் அது நாளுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ உலர் தீனி சாப்பிட வேண்டும். அதில் 0.6 வீதம் கல்சியமும் 0.4 வீதம் பொஸ்பரஸும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிப் பேரவையின் 2001ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதாவது 15 கிராமுக்குக் குறையாத கல்சியமும் 10 கிராமுக்குக் குறையாத பொஸ்பரஸும்.

அந்த அக்கா போடுவது 10 கிலோ அளவு பச்சைப் புல், அரைக் கிலோ அரிசித் தவிடு. புல்லின் பெரும்பகுதி தண்ணீர். 10 கிலோவில் உலர் பொருள் 2 கிலோ கூட வராது. அதில் கிடைக்கும் கல்சியம் சுமார் 6 கிராம். அரைக் கிலோ தவிட்டில் அரைக் கிராம் கல்சியம்தான். ஆக, தேவையில் பாதிக்கும் குறைவு. பொஸ்பரஸோ புல்லில் 4 கிராம் வரையும் தவிட்டில் 7 கிராம் வரையும், மொத்தம் சுமார் 11 கிராம். ஒன்று தேவைக்குச் சரி, மற்றது பாதி. இரண்டின் விகிதமும் தலைகீழாகிவிட்டது.

தீவனங்கள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இவை சராசரி எண்கள். ஆனால் கணக்கு காட்டும் திசை மாறாது. கன்று தேறவில்லையே என்று நாம் இன்னும் ஒரு சுண்டு தவிடு அள்ளிப் போட்டால் கல்சியக் குறை தீராது, கூடவே செய்யும். அந்தக் கன்று சுவரில் தேடியதும் இதைத்தானோ என்று கணக்கை எழுதிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

தீர்வும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. தீவனத்துக்கென விற்கப்படும் சுண்ணாம்புக்கல் மாவில் சுமார் 38 வீதம் கல்சியம். நாளுக்கு 25 கிராம் தவிட்டோடு பிசைந்து கொடுத்தால் 9 கிராமுக்கு மேல் கல்சியம் சேர்ந்து கணக்கு நேராகிறது. ஒரு கிலோ வாங்கினால் 40 நாள். கடைத் தராசில் ஒருமுறை 25 கிராம் நிறுத்து, அது வீட்டுக் கரண்டியில் எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

மலை மண்ணும் மரக்கறி இலையும்

தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் ஆரம்பிக்கப்பட்டது. இந்த மலைகளில் மழை அதிகம். கல்சியம், மக்னீசியம் போன்றவை மழையோடு கழுவிப் போய் மண் அமிலமாகிவிட்டது. தேயிலைக்கு அந்த அமிலம் பிடிக்கும். அதற்கும் எல்லை உண்டு என்பதால் கவ்வாத்து வெட்டிய மலைகளுக்கு டொலமைற் போடுகிறார்கள். இலையில் நாகம் குறைந்தால் நாக சல்பேற் தெளிக்கிறார்கள். செடிக்கு என்ன குறைகிறது என்று பார்க்கும் ஏற்பாடு நூறு வருடமாக இருக்கிறது. அதே மண்ணில் முளைக்கும் புல்லைத் தின்னும் கன்றுக்கு என்ன குறைகிறது என்று லயத்தில் வந்து பார்ப்பவர்கள் அரிது.

தோட்டத்தில் கிடைக்கும் தீனி எது என்று பார்ப்போம். மீள்நடுகைக்கு முன்னர் மண்ணைத் தேற்றப் போடும் கௌதமாலாப் புல், கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ-3 புல், ஓடையோரப் புல். இவை எல்லாமே கல்சியத்தில் நடுத்தரம் அல்லது குறைவு. நிழலுக்கு நிற்கும் முள்முருக்கு போன்ற அவரைக் குடும்பத்து மரங்களின் இலையில் கல்சியம் புல்லைவிடக் கூடுதல், புரதமும் கூடுதல். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கன்றுக்குப் புல்லோடு ஒரு பங்கு இந்த இலையைக் கலந்து கொடுப்பது காசில்லாத உதவி.

நுவரெலியா மாவட்டத்தில் மரக்கறிக் கழிவும் மாட்டுக்குப் போகிறது. இங்கே இரண்டு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பீற்றூட் இலையில் ஒட்சலேற் அதிகம், அது கல்சியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். கோவா இலை அதிகமானால் அயடீனை உடல் பயன்படுத்துவதைத் தடுக்கும். இலங்கையின் ஈர வலயம் ஏற்கெனவே கண்டமாலை அதிகம் காணப்பட்ட பிரதேசம். மனிதருக்காக 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது இதனால்தான். மாட்டுக்கும் அதே மண், அதே தண்ணீர். கழுத்து வீங்கியோ முடியில்லாமலோ கன்று பிறந்தால் அயடீன் குறையைச் சந்தேகிக்க வேண்டும். கோவா இலையை முழுத் தீனியாக்காமல் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று வெயில். கல்சியம் எலும்பில் சேர விற்றமின் டி வேண்டும், அது தோலில் வெயில் பட்டால் உருவாவது. தலவாக்கலையில் பனியும் மழையும் உள்ள மாதங்களில் தகரம் அடைத்த இருட்டுப் பட்டிக்குள்ளேயே வளரும் கன்றுக்கு அது கிடைப்பதில்லை. வெயில் எறிக்கும் நாளில் ஒரு மணித்தியாலமாவது வெளியில் கட்டுவது மருந்துக்குச் சமம்.

சிறு அளவில் தேவைப்படுபவை

சில கனியுப்புகள் மில்லிகிராம் கணக்கில் போதும். ஆனால் அவை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. அதே 2001 பரிந்துரைப்படி, ஒரு கிலோ உலர் தீனியில் இரும்பு 50 மில்லிகிராம், நாகம் 40, மங்கனீசு 40, செப்பு 10, செலீனியம் 0.3, அயடீன் 0.25, கோபால்ற்று 0.1 என்ற அளவில் இருக்க வேண்டும்.

இரும்பு குறைந்தால் கண் இமையின் உட்புறமும் ஈறும் வெளிறும். குடற்புழு இரத்தம் குடித்தாலும் இதே அறிகுறிதான் என்பதால் புழு மருந்தையும் யோசிக்க வேண்டும். செப்பு குறைந்தால் முடியின் நிறம் மங்கும், கண்ணைச் சுற்றி நரைத்தது போலாகும், கழிச்சலும் வரும். நாகம் குறைந்தால் தோல் தடித்து உரியும், புண் ஆறாது. செலீனியம் குறைந்தால் தசை பலவீனமாகிக் கன்று எழும்ப முடியாமல் போகும். கோபால்ற்று முன்வயிற்று நுண்ணுயிர்கள் விற்றமின் பி12 செய்யத் தேவை. அது குறைந்த கன்று புல் இருந்தும் தின்னாமல் மெலியும். மண், துணி, சுவர், எலும்பு என்று கண்டதையும் நக்கினால் பொஸ்பரஸ், உப்பு அல்லது வேறு ஏதோ ஒன்று குறைகிறது என்று பொருள். எது என்று அந்த ஒரு பழக்கத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

இவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை. கனியுப்புக் கலவை என்று விற்கப்படுவதில் இவை சேர்ந்திருக்கும். வயதுக்கேற்ப நாளுக்கு 10 முதல் 25 கிராம் வரை கன்றுக்குப் பொதுவாகப் போதும். பொதியில் எழுதியுள்ள அளவே இறுதி. கலவையிலேயே கல்சியம் இருப்பதால், சுண்ணாம்புக்கல் மாவும் கொடுப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். சமையல் உப்பு, அதுவும் அயடீன் சேர்த்தது, நாளுக்கு ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி தீனியில் கலக்கலாம். கலவையில் உப்பு இருந்தால் இதையும் குறைக்க வேண்டும். இந்த உப்பு அயடீன் தேவையில் ஒரு பகுதியைத்தான் தரும், மீதி கலவையிலிருந்து வர வேண்டும். உப்புக் கொடுக்கும் நாளெல்லாம் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை

தோட்டங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் சில பொருட்கள் இருக்கின்றன. "இதுவும் பொஸ்பேற்தானே" என்று தேயிலைக்குப் போடும் எப்பாவல பொஸ்பேற்றை மாட்டுக்குக் கலப்பது பெரிய தவறு. பதப்படுத்தாத அந்தப் பாறையில் புளோரின் இருக்கிறது. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். தீவனத்துக்கு டைகல்சியம் பொஸ்பேற் என்று தனியாக விற்கிறார்கள்.

கொப்புள நோய்க்குச் செப்பு மருந்து அடித்த தேயிலை மலையில் உடனே புல் அறுக்கக் கூடாது. பால் குடிக்கும் வயதுக் கன்று செப்பை வேகமாக உறிஞ்சிவிடும். ஈரலில் தேங்கினால் நஞ்சாகும். களைநாசினி அடித்த மலையும் அப்படியே.

வெற்றிலைச் சுண்ணாம்பு வாயைப் பொசுக்கும், அது தீவனச் சுண்ணாம்பு அல்ல. பழைய பெயின்ற் அடித்த கதவு, சுவர், கைவிட்ட பற்றரி ஆகியவற்றைக் கன்று நக்க விடக் கூடாது. அவற்றிலுள்ள ஈயம் கன்றுகளைக் கொல்லும். செலீனியம் ஊசியை வைத்தியர் சொல்லாமல் போடக் கூடாது. தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் அதில் மிகக் குறுகியது.

வன்னிக் கன்றுக்கு வேறு கணக்கு

இனி சித்தியின் கேள்விக்கு வருவோம். வடக்கில் கதை மாறுகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரிலேயே கல்சியம் உண்டு. வன்னியில் கோடை மாதங்களில் மாடுகள் காய்ந்த புல்லையும் வைக்கோலையும் நம்பியிருக்கின்றன. காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் முதலில் இல்லாமல் போவது பொஸ்பரஸ். எலும்பைக் கடிப்பது பொஸ்பரஸ் குறைவின் பழைய அடையாளம்.

எனவே அங்கே நான் சொன்ன சுண்ணாம்பு மாவு உதவாது. தவிடு உதவும், டைகல்சியம் பொஸ்பேற் உள்ள கனியுப்புக் கலவையும் உதவும். எலும்பைக் கடிக்க விடவும் கூடாது. செத்த பிராணியின் எலும்பிலிருந்து பொட்டியூலிசம் என்ற நஞ்சு தொற்றி மாடு முடங்கிச் சாகும். வவுனியா உட்பட உலர் வலயத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட்டு அதிகம் என்பதால், அங்கே பொஸ்பேற் வாங்கும்போது தீவனத் தரமா என்று கேட்டு வாங்குவது இன்னும் முக்கியம்.

போருக்குப் பின்னர் வாழ்வாதார உதவியாக மாடு பெற்ற குடும்பங்கள் பல. மாடு கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு என்ன போடுவது என்று சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. 2017இல் வெளிநாட்டிலிருந்து 5,000 கறவைப் பசுக்கள் இறக்கப்பட்டு விவசாயிகளுக்கு வழங்கப்பட்டபோது, பல பசுக்கள் இறந்து பலர் கடனாளிகளானதையும் இந்த நாடு பார்த்தது. மாட்டை இறக்குவதோடு பால் பெருகிவிடாது. இங்கே பிறக்கும் கிடாரி, வடக்கில் நாகு என்கிறோமே, அது இரண்டரை வயதுக்குள் கன்று ஈனும்படி வளர்ந்தாலே ஒரு வீட்டுக்கு இன்னொரு பசு இலவசமாகச் சேரும். நான்கு வயதுவரை இழுத்தால் அத்தனை நாள் தீனியும் நட்டம்.

கன்று தேறவில்லை என்றால் முதலில் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வயது, போடும் தீனி, அளவு, எதை நக்குகிறது, சாணம் எப்படி, எப்போது புழு மருந்து கொடுத்தது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியரின் நேரமும் மிஞ்சும், சரியான பதிலும் கிடைக்கும்.

தலவாக்கலைக்கு ஏழு வாரம் கழித்து மீண்டும் போனேன். வைத்தியர் வந்து பார்த்துப் புழு மருந்து கொடுத்திருந்தார். சுண்ணாம்புக்கல் மாவும் கலவையும் ஒரு மாஜரின் டப்பாவில் பட்டியின் கம்பத்தில் தொங்கின. கன்று இப்போது காலை நேரத்தில் வெளியில் கட்டப்படுகிறது. புடைத்த மூட்டு அப்படியேதான் இருக்கிறது, முழுவதும் சரியாகுமா என்று வைத்தியர் உறுதி சொல்லவில்லை. ஆனால் புது முடி முளைத்து மினுங்குகிறது. சுவரை எப்போதாவதுதான் நக்குகிறதாம்.

"தரகர் திரும்ப வந்தாரு தம்பி. இன்னும் ரெண்டு மாசம் பாப்போம்னு சொல்லிட்டேன்" என்றார் அக்கா.